நாலாவது கட்டம்

பம்ப்செட்டுகளை அறுத்துக் காட்டுவது என் உத்தியோகம். அறுப்பது காகிதத்தில்தான். பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில், மோட்டாரோடு பெட்டியில் வைத்துக் கொடுக்கும் கையேட்டுக்குக் குறுக்குவெட்டுப் படம் வரைகிறேன். எந்த வாஷர் எந்த போல்ட்டுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது என்று விவசாயிக்குப் புரியவைக்கும் படம். விவசாயி அதைப் பார்ப்பதில்லை. மோட்டார் நின்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுகிறார். மெக்கானிக்கும் பார்ப்பதில்லை. யாரும் பார்க்காத படங்களை இருபது வருடத்துக்கு மேல் மில்லிமீட்டர் சுத்தமாக வரைந்தவனுக்கு, நாலு பேர் பார்க்கிற மாதிரி ஒரு படத்தைச் சுத்தமில்லாமல் வரைந்தால்தான் என்ன என்று தோன்றியது.

அப்படித்தான் ஒரு நாளிதழின் கோவை இணைப்பில் தினம் ஒரு கட்டப்படம் போட ஆரம்பித்தேன். 'பக்கத்து ஊட்டு அண்ணன்' என்று தலைப்பு. ஒரு வரிசையில் நாலு கட்டம். வேட்டி, முழங்கை வரை சுருட்டிய சட்டை, மூக்குக் கண்ணாடி, கையில் ஒரு துணிப்பை, இவ்வளவுதான் அண்ணன். கண்ணாடிக்குள் கண் கிடையாது, இரண்டு வெறும் வட்டங்கள். "அந்த வட்டத்துக்குள் வாசகர் தன் கண்ணைப் பொருத்திக்கொள்கிறார்" என்று ஒரு கல்லூரி விழாவில் விளக்கம் கொடுத்தேன். மாணவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். உண்மை என்னவென்றால், எனக்குக் கண் வரையச் சரியாக வராது. பம்ப்செட்டுக்குக் கண் இல்லையே.

அண்ணனை நான் கற்பனை செய்யவில்லை. அவர் என் மச்சான். மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். கருமத்தம்பட்டியில் பன்னிரண்டு விசைத்தறி வைத்துக் கூலிக்குத் துணி நெய்து கொடுக்கிறவர். எங்கள் பக்கத்தில் எல்லோருமே 'ங்க' போட்டுத்தான் பேசுவோம், அது ஒரு பெருமையில்லை, தும்மல் மாதிரி தானாக வருவது. மச்சான் அதையும் தாண்டியவர். வாசலில் படுத்திருக்கும் நாயிடம் "சித்தெ நகந்துக்கறீங்களா" என்று கேட்டுவிட்டுத்தான் தாண்டுவார். தவறான எண்ணுக்கு யாராவது போன் செய்தால், "நீங்க தேடறவரு நல்லபடியா கெடைக்கோணுமுங்க" என்று வாழ்த்தி வைப்பார்.

வெறும் மரியாதைக்காரராக இருந்திருந்தால் அவரை வைத்து நாலு நாளைக்கு மேல் வரைந்திருக்க முடியாது. அவரிடம் இன்னொரு சங்கதி இருந்தது. எதிராளி கத்தி முடிக்கிற வரைக்கும் "நீங்க சொல்றதும் நாயந்தானுங்க" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். முடிந்ததும், ஏதோ ஞாபகம் வந்த மாதிரி, சின்னதாக ஒன்று சொல்வார். அதோடு எதிராளிக்குப் பேச ஒன்றும் இருக்காது. கோபப்படவும் வழி இருக்காது, ஏனென்றால் அவர் சொன்னதில் தப்பாக ஒரு வார்த்தை இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வருவார். வாசலில் செருப்பை விட்டதும் நேராக அடுக்களைக்குப் போய்ச் சொம்பில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டுத்தான் கூடத்துக்கு வருவார். விருந்தாளிக்கு நாம் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், சொந்தக்காரர் தானே எடுத்துக்கொள்வார். அது எங்கள் ஊர்க் கணக்கு. உட்கார்ந்ததும், அந்த வாரம் தனக்கு நடந்த ஏழெட்டு சங்கதிகளை ஒவ்வொன்றாக, மூன்று படியாகச் சொல்லிக்கொண்டு வந்து, நாலாவது படியில் நிறுத்துவார். நானும் என் மனைவியும் சிரிப்போம். செவ்வாய்க்கிழமையிலிருந்து தினம் ஒன்றாக அவை பேப்பரில் வரும்.

ஒரு முறை ஏதோ ஒரு சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்துக்கு நடந்துகொண்டிருந்தார். "நாளைக்கு வாங்க" என்றார்கள். போனார். "நாளைக்கு வாங்க." போனார். "நாளைக்கு வாங்க." அதுக்கென்னுங்க என்று திரும்பினார். நாலாம் நாள் தூக்குப்போசியில் மதியச் சோறும் கையில் தலையணையுமாகப் போய், அந்த எழுத்தருக்குப் பக்கத்தில் தரையில் இடம் பார்த்து உட்கார்ந்தார். "தெனமும் நாளைக்கு வா, நாளைக்கு வான்னு உங்களுக்குத்தானுங்க சிரமம். நான் இங்கயே இருந்துக்கறனுங்க. நாளைக்கு ஆனதும் ஒரு சத்தம் குடுங்க போதும்." அரைமணி நேரத்தில் சான்றிதழ் வந்துவிட்டது. தலையணையை நான் சேர்த்தது இல்லை. நிஜமாகவே கொண்டுபோயிருக்கிறார்.

இன்னொரு முறை அவிநாசி ரோட்டில் பஸ்ஸில், பையை வைத்து இடம் போட்டுவிட்டு டிக்கெட் எடுக்கப் போயிருக்கிறார். திரும்பி வந்தால் வெள்ளை பேண்ட் போட்ட ஒரு பையன் அங்கே உட்கார்ந்திருக்கிறான். "இது யார் சீட்டுன்னு எழுதி வெச்சிருக்குதா?" என்று எகிறியிருக்கிறான். "இல்லீங்க கண்ணு, நீங்க சொல்றதும் நாயந்தானுங்க, உக்காந்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். பீளமேட்டில் இறங்கும்போது குனிந்து, "கண்ணு, சித்தெ எந்திரிச்சீங்கன்னா என்ற பையை எடுத்துக்குவனுங்க. நீங்க அதும்மேலதான் உக்காந்திருக்கறீங்க. உள்ள ரெண்டு கிலோ தக்காளிங்க" என்றிருக்கிறார்.

அந்தத் தக்காளி வந்த அன்றைக்கு என் கைப்பேசி சூடாகிவிட்டது. யாரென்றே தெரியாதவர்கள் எனக்கே அதை அனுப்பி, 'சிரிச்சு சிரிச்சு வயிறு வலி' என்று எழுதியிருந்தார்கள்.

ஆரம்பிக்கும்போது அவரிடம் கேட்டேன். அதை மட்டும் சொல்லிக்கொள்ளலாம்.

"மச்சான், உங்களைப் பாத்துத்தான் வரையறேன். உங்களுக்கு ஒண்ணும் சங்கடமில்லீங்களே?"

"அட, அதுக்கென்னுங்க மாப்ளை. நாலு பேரு சிரிச்சா நல்லதுதானுங்களே."

எங்கள் ஊரில் பிறந்த யாருக்கும் தெரியும், 'அதுக்கென்னுங்க' என்பது சம்மதம் ஆகாது. கல்யாண வீட்டில் இலையில் மூன்றாவது முறை சோறு போட வருகிறவரிடம் சொல்வது அது. கடன் கேட்டு வந்தவரிடமும் சொல்வோம். முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. இந்த விஷயத்தைத்தான் நான் வருடக் கணக்காகப் படமாக வரைந்து பெயர் வாங்கினேன். என்னிடம் ஒருவர் அப்படிச் சொன்னபோது மட்டும், பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி எடுத்துக்கொண்டேன்.

ஆறு வருடம் நன்றாகத்தான் போனது. பிறகு ஒரு நாள் இணைப்பின் பொறுப்பில் இருந்த பெண் கூப்பிட்டாள். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள், கெட்டிக்காரி.

"சார், உங்க ஸ்ட்ரிப் பக்கத்துல ஒரு விளம்பரம் வருது சார். கொஞ்சம் இடம் வேணும். நாலு கட்டத்தை மூணா பண்ண முடியுமா சார்?"

"எப்போதிலிருந்து?"

"நாளையிலிருந்து சார்."

மறுநாள் என் நாலாவது கட்டம் இருந்த இடத்தில் வீட்டுமனை வந்து உட்கார்ந்தது. மெயின் ரோட்டிலிருந்து ஐந்தே நிமிடம், குடும்பத்தோடு வாருங்கள், வாகன வசதி உண்டு.

எனக்கு வழி இல்லாமல் இல்லை. இப்போது உட்கார்ந்து யோசித்தால் மூன்று வழி தெரிகிறது. கட்டங்களைச் சுருக்கி நாலையும் அதே அகலத்துக்குள் அடைத்திருக்கலாம், எழுத்து கொஞ்சம் பொடியாகியிருக்கும், மூக்குக் கண்ணாடிக்காரர்கள் திட்டியிருப்பார்கள். முதல் இரண்டு கட்டங்களை ஒன்றாக்கி, கடைசிக் கட்டத்தைக் காப்பாற்றியிருக்கலாம். அதற்கு ஒவ்வொரு நாளும் புதிதாக யோசிக்க வேண்டும், உழைக்க வேண்டும். மூன்றாவது வழி, கடைசிக் கட்டத்தை அப்படியே வெட்டுவது. கையில் அந்த வாரத்துக்கு வரைந்து வைத்திருந்தேன். கத்தரிக்கோல் இருந்தது.

முதல் நாள் கொஞ்சம் பயமாக இருந்தது. அண்ணன் ரேஷன் கடை வரிசையில் நிற்கிறார். ஒருவன் முன்னால் புகுகிறான். அண்ணன் "அதுக்கென்னுங்க, நீங்க மொதல்ல வாங்கிக்கோங்க" என்கிறார். முற்றும். அவ்வளவுதான். ஒரு மனிதர் ஏமாந்து நிற்பதோடு முடிகிறது. இதில் என்ன சிரிப்பு என்று நினைத்தேன். ஆனால் முன்பைவிட அதிகமாகச் சிரித்தார்கள். நாலு கட்டத்துக்குக் கொஞ்சம் யோசித்துச் சிரிக்க வேண்டும், மூன்று கட்டத்துக்கு யோசிக்க வேண்டியதில்லை. ஏமாளியைப் பார்த்தால் சிரிப்பு தானாக வரும். போன் வழியாகவும் அது சுலபமாகப் பயணம் செய்தது. மூன்று கட்டம் கைப்பேசித் திரைக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது என்று அந்தப் பெண்ணும் பாராட்டினாள். தேவையினால் வந்த மாற்றத்தை நான் 'வடிவச் சிக்கனம்' என்று சொல்ல ஆரம்பித்தேன். இன்னொரு கல்லூரி விழாவில்.

படம் வரைகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒரே பாடம், வாசகர் கடைசியாக எதைப் பார்க்கிறாரோ அதுதான் அந்த மனிதர் என்பது. ஆறு வருடம் என் வாசகர்கள் கடைசியாகப் பார்த்தது தக்காளிப் பையை எடுத்துக்கொண்டு இறங்குகிற ஒருவரை. அதற்குப் பிறகு ஐந்து வருடம் பார்த்தது, கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒருவரை.

மச்சான் இதைப் பற்றி ஒரே ஒரு முறைதான் பேசினார். வெட்டி இரண்டு மூன்று மாதம் ஆகியிருக்கும்.

"ஏனுங்க மாப்ளை, இப்பெல்லாம் கட்டம் ஒண்ணு கம்மியாயிருச்சாட்ட இருக்குதுங்க?"

"ஆமாங்க மச்சான். எடம் பத்தலைங்கறாங்க."

"அப்படீங்களா." டம்ளரைக் கொஞ்ச நேரம் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். "செரி, செரி. எடமில்லீன்னா என்ன பண்றதுங்க."

ஒரு 'செரி' என்றால் சரி. இரண்டு 'செரி' சேர்த்துச் சொன்னால் பேச்சு முடிந்தது, மனசுக்குள் ஏதோ இருக்கிறது, இனிமேல் கேட்காதே என்று அர்த்தம். இதையும் நானே ஒரு முறை படமாகப் போட்டிருக்கிறேன். அன்றைக்கு என் காதில் ஒரு 'செரி'தான் விழுந்தது.

மூன்று கட்டம் ஆகி நாலு வருடம் போன பிறகு, அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவது குறைந்தது. தறி ஓட்ட ஆள் கிடைக்கவில்லை, எங்கள் வீட்டில் அண்ணி என்று கூப்பிடும் அவர் மனைவிக்கு முழங்கால் வலி, பாலம் வேலையில் பஸ் நகர மாட்டேன் என்கிறது. எல்லாம் உண்மையான காரணங்கள்தான். எப்போதாவது வந்தால் கூடத்து நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தார். என் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும் வரை காத்திருந்தார். "நல்லா இருக்கறீங்களா? வேலையெல்லாம் சௌரியங்களா?" என்று கேட்டார். பதிலுக்கு நானும் கேட்டேன். கதை எதுவும் வரவில்லை. வயதாகிறது, பேச்சு குறைந்துவிட்டது என்று நினைத்தேன். கதைக்கு எனக்குப் பஞ்சமில்லை. மூன்று கட்டத்துக்கு எந்த ஏமாளியும் போதும், மச்சான் வேண்டும் என்றில்லை.

விஷயம் எனக்கு ஒரு பேக்கரியில் தெரிந்தது. கம்பெனிக்கு எதிரே இருக்கும் பேக்கரியில் சாயங்கால டீக்கு நின்றிருந்தேன். பக்கத்தில் நின்ற ஒருவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, நீங்கதானுங்களா அந்த அண்ணனை வரையறவரு? பேப்பர்ல உங்க போட்டோ போட்டிருந்தாங்க" என்றார். ஆமாம் என்று பணிவாகத் தலையாட்டினேன். அந்தப் பணிவை நான் நிறையப் பழகி வைத்திருந்தேன். அவர் என் டீக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டு, தேங்காய் பன் ஒன்றையும் என் பக்கம் நகர்த்தினார். தறிக்காரர்களுக்கு நூல் கொடுத்துத் துணியாக வாங்கிக்கொள்கிற வியாபாரி என்று பேச்சில் தெரிந்தது.

"உங்களாலதானுங்க போன வருசம் எங்களுக்கு ஒரு மீட்டிங் சீக்கிரமா முடிஞ்சுது" என்றார்.

"என்னாலயா?"

"தறிக்காரங்க எல்லாம் கூலி ஏத்தோணும்னு கூடியிருந்தாங்க. கல்யாண மண்டபத்துல. அவிங்க பக்கம் எப்பவும் ஒருத்தரைத்தான் மொதல்ல பேச உடுவாங்க. கருமத்தம்பட்டிக்காரரு, கண்ணாடி போட்டவரு. பொட்டாட்ட வாயே தொறக்காம இருப்பாரு, ஆனா மனுசன் பேச ஆரம்பிச்சா நாங்க அவுட்டுங்க. நாயந்தானுங்க, நாயந்தானுங்கன்னே போயி கடைசில ஒரு கேள்வி கேப்பாரு பாருங்க, பதில் இருக்காது. அன்னிக்கும் எந்திரிச்சாரு. 'நீங்க சொல்றதும் நாயந்தானுங்க'ன்னு ஆரம்பிச்சாரு. எனக்குச் சட்டுனு உங்க படம் ஞாபகம் வந்துருச்சு. அப்படியே அந்த அண்ணனேதானுங்க! 'மூணு கட்டம் முடிஞ்சுதுங்கண்ணா, உக்காருங்க'ன்னுட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறமென்னங்க, மண்டபமே சிரிச்சுது. எங்காளுங்க சிரிச்சாங்க, அவிங்காளுங்களும் சிரிச்சுப்போட்டாங்க. அவரு கொஞ்ச நேரம் நின்னாரு. அப்புறம் அதுக்கென்னுங்கன்னு சொல்லிப்போட்டு உக்காந்துட்டாரு. அதோட சரி. அவருக்கு அப்புறம் பேச அவிங்களுக்கு ஆளில்லீங்க."

அந்த மனிதர் கெட்டவர் இல்லை. எனக்கு ஒரு நல்ல செய்தி சொல்கிற சந்தோஷத்தில்தான் சொன்னார். நான் சிரித்தேன். அதைத்தான் இன்றுவரை விழுங்க முடியவில்லை. ஒரு வாசகர் சிரிப்புக் கதை சொன்னால் சிரிக்க வேண்டும் என்று என் முகம் பழகியிருந்தது, நான் யோசிக்கும் முன்னால் அது சிரித்துவிட்டது. தேங்காய் பன்னையும் சாப்பிட்டேன்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"தெரியுமுங்க."

"எப்போ?"

"அன்னிக்கே. அண்ணி போன் பண்ணிச்சு. ஊட்டுக்கு வந்து ரெண்டு நாள் தறிக்குடோனுக்கே போகலையாமா. அந்தச் சத்தத்துக்குள்ள போயி உக்காந்தா யாரும் பேசச் சொல்ல மாட்டாங்கன்னு மூணாம் நாளு போனாராமா."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"அண்ணந்தான் வேண்டாம்னுட்டாரு. 'மாப்ளைக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவாரு, சொல்லிப்போடாதே'ன்னாரு." ஒரு வேட்டியை நாலாக மடித்து வைத்தாள். "நானும் பாத்துட்டுத்தானுங்க இருந்தேன், உங்களுக்கா எப்பத் தோணும்னு."

அன்றைக்குப் பழைய கட்டிங்குகளை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். முதல் வருடத்து அண்ணன் கட்டத்தின் மேல் கோட்டைத் தொடுகிற உயரம். கடைசி வருடத்து அண்ணன் பாதிக் கட்டத்துக்குத்தான் வருகிறார். தலைக்கு மேல் மற்றவர்களின் பேச்சுக் குமிழ் பெரிதாகிப் பெரிதாகி, இவர் அதற்கு அடியில் நசுங்கிப் போயிருக்கிறார். கழுத்து காணாமல் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. இதெல்லாம் நான் முடிவெடுத்துச் செய்ததில்லை என்று சொல்லலாம். கம்பெனியில் ஒரு போல்ட்டை அரை மில்லிமீட்டர் சின்னதாகப் போட்டால் எனக்கு அன்று தூக்கம் வராது. ஒரு மனிதர் அஞ்சு வருடத்தில் பாதியாகியிருக்கிறார், எனக்குத் தெரியவில்லை.

இணைப்புப் பொறுப்பாளரைக் கூப்பிட்டு நாலு கட்டம் வேண்டும் என்றேன்.

"சார், இப்ப எல்லாரும் போன்லதான் பாக்கறாங்க. மூணுக்கு மேல தள்ள மாட்டாங்க சார்."

"ஒரே ஒரு நாள்."

என் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். "அடுத்த ஞாயித்துக்கிழமை பக்கத்துல விளம்பரம் இல்ல. அன்னைக்குப் போட்டுக்கலாம் சார்" என்றாள்.

மண்டபத்தையே வரைந்தேன். முதல் கட்டத்தில் பவானி ஜமுக்காளம் விரித்த மேடை, அதன்மேல் மேசையும் நாற்காலிகளும். இரண்டாவதில் அண்ணன் எழுந்து, நீங்க சொல்றதும் நாயந்தானுங்க என்கிறார். மூன்றாவதில் எல்லோரும் சிரிக்கிறார்கள். நாலாவது கட்டத்தில் அவர் ஒன்று சொல்ல வேண்டும், சிரித்தவர்கள் வாயடைத்துப் போக வேண்டும். அதை எழுத உட்கார்ந்தேன். வியாழக்கிழமை வரை எழுதினேன். எழுதியதெல்லாம் நான் பேசுகிற மாதிரி இருந்தது. கெட்டிக்காரத்தனமாக, கொஞ்சம் குத்தலாக, கைதட்டலுக்கு இடம் விட்டு. அப்போதுதான் புரிந்தது, ஆறு வருடம் ஊர் சிரித்த நாலாவது கட்டங்களில் ஒன்றுகூட என்னுடையது இல்லை. ஞாயிற்றுக்கிழமை காதில் விழுந்ததை அந்த வாரம் முழுக்க வரைந்திருக்கிறேன். அவர் பேசாவிட்டால் எனக்கு நாலாவது கட்டமே வராது. இடம் பற்றாமல் போனது ஒருவிதத்தில் என் அதிர்ஷ்டம்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுக் கருமத்தம்பட்டிக்குப் போனேன். வீட்டுக்குப் பின்னாலேயே தறிக்குடோன். என்னைப் பார்த்ததும் மச்சான் வெளியே வந்து கைகழுவி, துண்டால் துடைத்து, "வாங்க மாப்ளை, வாங்க, உக்காருங்க" என்று உள்ளே கூட்டிப்போனார். அண்ணி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் வாங்கிக் குடித்தேன்.

"மச்சான், அந்த மண்டபத்துல நடந்தது..." என்று ஆரம்பித்தேன்.

"அட, உடுங்க மாப்ளை."

"இல்லீங்க, நான்..."

"உடுங்கன்னா." இந்த முறை 'ங்க' கொஞ்சம் அழுத்தமாக விழுந்தது. அதற்கு மேல் அவருக்குக் கோபப்படத் தெரியாது.

பையிலிருந்து தாளை எடுத்து அவர் முன்னால் விரித்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது நானுங்களா?"

"ஆமாங்க."

"இத்தனூண்டாவா இருக்கறேன்?"

"உள்ளதும் அத்தனூண்டுதானே" என்றார் அண்ணி, கதவோரம் நின்றுகொண்டு. "இவரு என்ன, உள்ளதைத்தான் போட்டிருக்கறாரு."

மச்சான் லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை எனக்காகத்தான் அண்ணி வரவழைத்தார் என்று தெரிந்தது. காலியாக இருந்த நாலாவது கட்டத்தைத் தொட்டுக் காட்டி, "இதுல நீங்க என்ன சொல்லுவீங்க மச்சான்? அன்னிக்கு என்ன கேக்கறதா இருந்தீங்க?" என்றேன்.

பின்னால் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று நின்றது, யாரோ அறுந்த இழையை முடிந்திருக்க வேண்டும், மறுபடி ஓடியது. அவர் காது அதைக் கவனித்துக்கொண்டிருந்தது.

"இனி என்ன சொன்னாலும் சிரிப்பாங்க மாப்ளை" என்றார் கடைசியில். "சொல்ல வேண்டாமுங்க. எந்திரிச்சுப் போயிறட்டும்."

"எங்கீங்க?"

"ஊட்டுக்குத்தான். வெறும் சேரை மட்டும் போட்டுருங்க."

பென்சிலை எடுத்து அங்கேயே வரைந்தேன். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, காலியாக, மேசையிலிருந்து விலகி. மனிதர் எழுந்துபோன நாற்காலி அப்படித்தானே இருக்கும். அவர் குனிந்து பார்த்தார்.

"அப்படி வேண்டாமுங்க. சேரை உள்ளாற தள்ளி வெச்சுப்போட்டுப் போன மாதிரி போடுங்க. அப்படியே நடுவுல உட்டுப்போட்டுப் போனா வாரவங்க தடுக்கி உழுந்துருவாங்க."

அழித்துவிட்டு, தள்ளி வைத்த மாதிரி போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அது வந்தது. திங்கட்கிழமை அந்தப் பெண் கூப்பிட்டாள். "சார், நாலாவது கட்டம் சரியா பிரிண்ட் ஆகலையான்னு நிறைய பேர் கேக்கறாங்க சார். ஆளைக் காணோம்னு." நான் சரியாகத்தான் அச்சாகியிருக்கிறது என்றேன். இனிமேல் வரையவில்லை என்றும் சொன்னேன். அவள் வருத்தப்பட்டாள், உண்மையாகத்தான். அந்த இடத்தில் இப்போது முழு அகலத்துக்கு வீட்டுமனை வருகிறது. நான் முழுநேரமும் பம்ப்செட்டுக்குத் திரும்பிவிட்டேன். அவை என்னிடம் ஒன்றும் சொல்வதில்லை.

அந்த வருடக் கூலிப் பேச்சுவார்த்தையில் வேறு யாரோ பேசினார்களாம். மச்சான் போகவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். முன்னறிவிப்பு இல்லாமல், வெகுநாளைக்குப் பிறகு. செருப்பை விட்டார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் தலையசைத்துவிட்டு நேராக அடுக்களைக்குப் போனார். சொம்பு பானையில் இடிக்கிற சத்தம் கேட்டது. பேப்பரை எடுத்து முகத்துக்கு நேராக விரித்தேன்.

தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். காபி வந்தது. பேங்கில் கேஒய்சி கொடுக்கப் போன கதையை ஆரம்பித்தார். அவர்தான் அவர் என்பதற்கு அத்தாட்சி வேண்டும் என்று ஓர் அம்மணி கேட்டிருக்கிறாள். "நாந்தானுங்க வந்திருக்கறேன்" என்றிருக்கிறார். அது செல்லாது, காகிதம் வேண்டும் என்றாளாம். "நீங்க சொல்றதும் நாயந்தானுங்க" என்று வீட்டுக்கு வந்து தேடியிருக்கிறார், மறுபடி போயிருக்கிறார். அங்கே நிறுத்தினார். என் கையைப் பார்த்தார். கையில் பென்சில் இல்லை, காபி டம்ளர்தான் இருந்தது. ஆனாலும் பார்த்தார்.

"அப்புறம் என்ன ஆச்சுங்க மச்சான்?"

"அவ்வளவுதானுங்க மாப்ளை. குடுத்துட்டு வந்துட்டேன்."

காபியைக் குடித்து முடித்து, டம்ளரை வைத்துவிட்டு வருவதாக உள்ளே போனார். பேப்பரில் என் பழைய இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெயின் ரோட்டிலிருந்து இப்போது மூன்றே நிமிடமாம். உள்ளேயிருந்து அவர் குரல் மெதுவாகக் கேட்டது, வார்த்தை பிடிபடவில்லை. கொஞ்சம் நிறுத்தினார். பிறகு ஏதோ ஒன்று, சின்னதாக.

என் மனைவி சிரித்தாள். பல வருடமாக நான் கேட்காத சிரிப்பு, வாயில் முந்தானையை வைத்து அடக்கப் பார்த்து முடியாமல் வருவது. அவரும் சிரித்தார்.

எழுந்து போய் என்ன என்று கேட்டிருக்கலாம். பத்தடி தூரம்தான். நான் அடுக்களை வாசலில் போய் நின்றால் கதை மூன்றோடு நின்றுவிடும் என்று தெரியும். பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, அவர்கள் சிரித்து முடிக்கிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.